143 வகை உணவு எழுதிய மெனு கார்டை வைத்துக்கொண்டு சேலத்தில் ஒரு சிறிய ஓட்டல் என்ன செய்வது?

அஸ்தம்பட்டி ஓட்டல்காரர்:

அனைவருக்கும் வணக்கம். அஸ்தம்பட்டிப் பக்கத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஓட்டல் ஒன்றைப் பதினேழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தொடங்கிய நாளில் சுவரில் ஒரு கரும்பலகை மட்டுமே இருந்தது. காலையில் இட்லி, பொங்கல், பூரி, மதியம் இலைச் சாப்பாடு, இரவில் தோசை, பரோட்டா, சால்னா, ஆம்லெட் என்று இருபத்திரண்டு வகைக்குள் எல்லாம் அடங்கிவிடும். இன்று மேசைமேல் கிடப்பது லேமினேட் செய்த ஆறு பக்க மெனு கார்டு. அதில் இருப்பவை 143 வகைகள்.

பன்னீர் பட்டர் மசாலா கேட்டார்கள் என்று தந்தூரி அடுப்பு வாங்கினேன். அடுத்த தெருவில் ஃப்ரைடு ரைஸ் விற்கிறது என்று சைனீஸ் அடுப்பு வந்தது. அதன் பிறகு கிரில், ஷவர்மா, அல்ஃபாம், மந்தி, மோமோஸ், இப்போது பெரிபெரி என்று எதன் தலையில் வேண்டுமானாலும் தூவும் ஒரு சிவப்புப் பொடி. ஒவ்வொன்றும் உள்ளே வந்ததற்குக் காரணம் உண்டு. வந்தது எதுவும் வெளியே போகவில்லை என்பதுதான் சிக்கல்.

சென்ற மாதத்துப் பில்களைக் கணினியிலிருந்து எடுத்து, ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து எண்ணினேன். 143-ல் 38 வகைகள் மாதத்தில் ஐந்து முறைகூட விற்கவில்லை. அவற்றில் ஒன்றான பேபி கார்ன் பெப்பர் ஃப்ரை மூன்று முறை விற்றிருக்கிறது. ஃப்ரீசரின் அடித்தட்டில் பனிக்கட்டிக்குள் புதைந்திருந்த பேபி கார்ன் பொட்டலத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது, அதன் மேல் அச்சிட்டிருந்த தேதி முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று பேர் யார் என்று நினைத்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை.

பட்டியலைப் பாதியாக வெட்டிவிடலாம் என்கிறேன் நான். வெட்டினால் உணவு டெலிவரி செயலியில் நம் கடை கீழே இறங்கிவிடும், இன்னும் இருபது வகை சேர்க்க வேண்டும் என்கிறான் என் மகன். இந்தத் தொழிலில் இருப்பவர்களும் சாப்பிடுபவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

ஐந்து ரோடு மாணவி:

உங்கள் மகன் பக்கம் பேசுவதற்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா, ஐயா? நாங்கள் தோழிகள் ஐந்து பேர் ஒன்றாகத்தான் வெளியே சாப்பிடப் போவோம். ஒருத்திக்குக் கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து ராமென் வேண்டும், ஒருத்தி சைவம், ஒருத்திக்கு நெய் ரோஸ்ட்டைத் தவிர எதுவும் இறங்காது. மெனு நீளமாக இருக்கும் கடையில்தான் ஐந்து பேரும் சண்டையில்லாமல் உட்கார முடிகிறது. ஒருத்திக்குக் கிடைக்காது என்றால் ஐந்து பேரும் வேறு கடைக்குப் போய்விடுகிறோம். நீங்கள் பேபி கார்னை எடுத்துவிடுங்கள், தவறே இல்லை. ஆனால் மூன்று முறை விற்ற பண்டத்தோடு சேர்ந்து எத்தனை தோசை விற்றது என்பதையும் அந்தப் பில்லிலேயே பாருங்கள்.

ஓமலூர் ரோடு கணக்கர்:

மாணவி சொல்வது சரியான கேள்வி, நான் பலமுறை கடைக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு மட்டுமே அது பொருந்தும். நான் கணக்குப் பார்க்கும் பத்துப் பன்னிரண்டு ஓட்டல்களில் பட்டியலை நீள வைப்பது மேசை அல்ல, பார்சல்தான்.

200 ரூபாய் ஆர்டர் ஒன்று செயலி வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகு நூற்றுக்கு 25 என்றால் 50 ரூபாய் போகிறது. அந்தத் தரகின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 9 ரூபாய். கைக்கு வருவது 141. சரக்கு 70 ரூபாய், டப்பாவும் பையும் 8 ரூபாய் என்று கழித்தால், மிஞ்சும் 63 ரூபாயில்தான் கேஸ், கூலி, வாடகை, மின்சாரம் எல்லாம் அடங்க வேண்டும். தள்ளுபடி கொடுத்தால் அதுவும் இதற்குள்ளிருந்தே போகும். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு வரி 5 விழுக்காடு என்று குறைந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்கு வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை அதோடு போய்விட்டது. ஆகவே தரகின் மேல் கட்டும் அந்த 9 ரூபாயும், 19 கிலோ வணிக சிலிண்டரின் மேல் கட்டும் 18 விழுக்காடும் திரும்பி வராத செலவுகள். 2022 ஜனவரி 1 முதல் செயலி வழி விற்பனைக்குரிய 5 விழுக்காட்டு வரியைச் செயலி நிறுவனமே அரசுக்குக் கட்டுகிறது என்பது ஒரு தலைவலி குறைந்த கதை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், டப்பாவில் அரை மணி நேரம் பயணம் செய்தும் கெடாத உணவுதான் இந்த 63 ரூபாயைக் கொண்டுவந்து சேர்க்கும். நெய் ரோஸ்ட் கொண்டலாம்பட்டி போய்ச் சேருவதற்குள் துணிபோல ஆகிவிடும்; வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் கொடுப்பார். பிரியாணி, ஃப்ரைடு ரைஸ், ஷவர்மா, கிரேவி வகைகள் அப்படி ஆவதில்லை. ஊர் ஊராக எல்லாக் கடைகளிலும் ஒரே பத்து உணவு மேலே ஏறியிருப்பதற்கு நாக்கு மாறியது மட்டும் காரணமல்ல, டப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு. பக்கத்து நாமக்கல்லில் 2025 ஜூலை முதல் செயலிகளுக்கு உணவு கொடுப்பதில்லை என்று உணவக உரிமையாளர்கள் அறிவித்ததற்கும் இந்தத் தரகுக் கணக்குதான் அடிப்படை. உங்கள் 143 வகைகளில் மேசையில் மட்டும் விற்பவை எவை, டப்பாவில் மட்டும் போகிறவை எவை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே கார்டில் இரண்டு ஓட்டல்கள் நடப்பது தெரியும்.

ஃபேர்லேண்ட்ஸ் ஓய்வு ஆசிரியை:

நான் தொழில்காரி அல்ல, சாப்பிடுபவள். கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து, கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் தின்று வளர்ந்தவள். வீட்டில் நெல்லுச்சோறு பொங்கினால் அன்று பண்டிகை என்று பொருள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, எங்கள் வறுமைச் சோறு மெனு கார்டில் பச்சை எழுத்தில் ஏறிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற மாதம் ஓர் உணவகத்தில் 'சாமைப் பொங்கல்' கேட்டு வாங்கினேன். வாயில் வைத்தவுடனே பச்சரிசி என்று தெரிந்தது. பரிமாறிய தம்பியிடம் இதில் சாமை எவ்வளவு என்று கேட்டேன். உள்ளே போய் வந்து, "கொஞ்சம் அரிசியும் கலந்திருக்கிறதாம் அம்மா" என்றார். கொஞ்சம் சாமையும் கலந்திருக்கிறது என்பதே உண்மைக்கு அருகில் இருந்திருக்கும்.

விலை ஏன் ஏறுகிறது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றுக்கு உமி நீக்கும் வேலை இல்லை. தூற்றிப் புடைத்து அரைத்துவிடலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவை உமியோடு வருபவை. உமி போக அரிசியாகக் கிடைப்பது குறைவு. எங்கள் வீட்டில் அதை உரலில் குத்தி எடுப்பதற்குள் அம்மாவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். ஆகவே ஓட்டல்காரர் ஐயா, சிறுதானியம் போட வேண்டும் என்றால் கேழ்வரகிலிருந்து தொடங்குங்கள்: ஒரு களி, ஒரு கீரைக் குழம்பு. மலிவாகவும் முடியும், கலப்படம் செய்யும் ஆசையும் வராது.

சீலநாயக்கன்பட்டி சரக்கு மாஸ்டர்:

நான் இருபத்தாறு ஆண்டுகளாக அடுப்படியில் நிற்பவன். கார்டில் 143 என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெளியில் இருப்பவர்கள் பயப்படுவார்கள், நாங்கள் பயப்படுவதில்லை. முந்திரி அரைத்த வெள்ளைக் கிரேவி, தக்காளிக் கிரேவி, வெங்காயக் கிரேவி என்று மூன்றை மாலை நான்கு மணிக்குள் இறக்கி வைத்துவிட்டால், பன்னீர், காளான், கோழி, முட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டு நாற்பது பெயர் சொல்லலாம். அந்த நாற்பதால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டம் அடுப்புகளால் வருகிறது. தந்தூரி அடுப்பு சூடேற ஒரு மணி நேரம் வேண்டும். அன்று நான் ரொட்டி ஆறு மட்டும் விற்றாலும், அறுபது விற்றாலும் அந்த ஒரு மணி நேரத்துச் செலவு ஒன்றே. சைனீஸ் அடுப்புக்கு ஓர் ஆள், கிரில்லுக்கு ஓர் ஆள், பரோட்டாக் கல்லுக்கு ஓர் ஆள். பரோட்டா மாஸ்டர் விடுப்பு எடுத்தால் ஃப்ரைடு ரைஸ் போடுபவரைக் கல்லில் நிறுத்த முடியாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது ஷவர்மாதான். நாளொன்றுக்கு நூறு ரோல் போகிற கடையில் கம்பியில் குத்திய இறைச்சி இரவுக்குள் தீர்ந்துவிடும். பன்னிரண்டு ரோல் போகிற கடையில் அது பாதி வெந்து, பாதி ஆறி, மறுபடி சூடேறிக்கொண்டு நிற்கும். மிச்சத்தை எறிய முதலாளிக்கு மனம் வராது, எடுத்து ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் இந்த விஷயத்தில்தான் சண்டை போட்டு வெளியே வந்தேன். அதற்குத் துணையாகப் பச்சை முட்டை மயோனைஸ் வேறு. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் வளரும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது பல கடைகள் முட்டை சேராத மயோனைஸுக்கு மாறின. சுவை ஒன்று குறைந்ததாக ஒருவரும் வந்து என்னிடம் சொன்னதில்லை.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. பொரித்த பண்டம் பட்டியலில் கூடக் கூட, ஒரே வாணலியில் மீன், கோபி, சிக்கன் 65 எல்லாம் விழும்; எண்ணெய் விரைவில் கறுக்கும். மெனுவை வெட்டுவது என்றால் பெயர்களை வெட்டாதீர்கள் ஐயா, ஓர் அடுப்பை வெட்டுங்கள்.

குகை செட்டுக் கடை:

மாஸ்டர் அண்ணா சொன்னதைப் படித்தபோது எங்கள் தள்ளுவண்டியே நினைவுக்கு வந்தது. என் மாமியார் தொடங்கிய கடை, இப்போது நானும் கணவரும் நடத்துகிறோம். எங்கள் பலகையில் பதினெட்டு வகை எழுதியிருக்கிறது. சாதா செட், பூண்டு செட், தக்காளி செட், மாங்காய் செட், முறுக்கு செட், முட்டை செட், நொறுக்கல், முட்டை நொறுக்கல், காரப்பொரி என்று அது போகும். ஆனால் வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் இருப்பவை தட்டுவடை என்கிற மொறுமொறு தட்டை, முறுக்கு, பொரி, கேரட், பீட்ரூட், வெங்காயம், அவித்த முட்டை, எலுமிச்சை, நான்கு கிண்ணம் சட்னி, அவ்வளவுதான். மாங்காய் கிடைக்கும் காலத்தில் மட்டும் மாங்காய்.

வெளியூர்க்காரர்கள் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஒரு தட்டுவடையைத் தட்டில் வைத்து, அதன் மேல் புதினாச் சட்னியும் மிளகாய்ப் பூண்டுச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம் வைத்து, எலுமிச்சை பிழிந்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடினால் அது ஒரு செட். அதையே கிண்ணத்தில் நொறுக்கிக் கலந்து கொடுத்தால் நொறுக்கல். வாடிக்கையாளருக்கு இரண்டு வேறு பண்டங்கள், எனக்குக் கை மாற்றம் மட்டும். துருவலை நான்கு மணிக்கு முன் துருவ மாட்டோம், உப்பும் போட மாட்டோம். உப்புப் பட்டால் பீட்ரூட் நீர் விட்டுத் தட்டுவடை நமத்துவிடும். இரவு ஒன்பதரைக்கு மிஞ்சுவது ஒரு பிடி துருவல். அதை எறிவதற்கு எனக்கு மனம் தடுக்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சீஸ் செட், மயோனைஸ் செட், பெரிபெரி செட் மூன்றையும் எழுதிப் போட்டோம். சீஸ் செட் நன்றாக ஓடியது, படம் எடுப்பதற்காகவே வந்தார்கள். ஆனால் சீஸை வைக்கக் குளிர்பெட்டி வேண்டும், வண்டியில் அதற்கு இடமில்லை. மே மாத வெயிலில் அது ஒழுகியது. ஆகவே சீஸ் இப்போது மார்கழி, தை மாதங்களில் மட்டும். மயோனைஸை மாமியாரே எடுத்துவிட்டார், அதற்கு அவர் சொன்ன காரணத்தை இங்கே எழுத முடியாது. பெரிபெரி பொடி மட்டும் தங்கியிருக்கிறது, ஏனென்றால் அது ஒரு டப்பாப் பொடி. இடமும் கேட்பதில்லை, கெடுவதும் இல்லை.

செயலிக்காரர்கள் இருமுறை வந்து கேட்டார்கள். சட்னியைத் தனியாகக் கட்டிக் கொடுக்கலாமே என்றார்கள். வீட்டில் போய்ச் சட்னி தடவிக்கொள்வதற்கு எங்கள் கடை எதற்கு என்று அனுப்பிவிட்டோம். ஆகவே ஓட்டல் அண்ணா, வகைகளை எண்ணாதீர்கள். உங்கள் சரக்கு அறைக்குப் போய் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்காரர்:

பெரிபெரியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பபுள் டீயைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். தைவானில் 1980-களில் பிறந்த அந்தப் பானம் இப்போது சேலத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. தடித்த குழல் வழியாக வாய்க்குள் வரும் அந்தக் கறுப்பு உருண்டை என்னவென்று குடிப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அது மரவள்ளிக்கிழங்கு மாவு. நம் ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது, இங்கே கிழங்கிலிருந்து அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அங்கே அது சவ்வரிசிப் பனையின் தண்டிலிருந்து எடுப்பது. நாம் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலெடுத்து, மாவைத் தொட்டியில் படியவைத்து, துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கி உருட்டி, சலித்து, வறுத்து, களத்தில் காயவைக்கிறோம். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது; 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் விரத நாள் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடியும் வடையும் இல்லாத ஓட்டல் இருக்காது, சரக்கு லாரி லாரியாக அங்கே போகிறது. விளையும் ஊரான இங்கே ஓட்டல் மெனுவில் அது பாயசத்தில் மட்டும் மிதக்கிறது.

எங்கள் தெருமுனையில் பபுள் டீ விற்கும் இளைஞரிடம் பொட்டலத்தைக் காட்டச் சொன்னேன். வெளிநாட்டு எழுத்து. உள்ளே இருப்பது என் ஆலையில் படியும் மாவுதானே என்றேன், அவர் நம்பவில்லை. கண்ணாடிபோல இருக்கும் நம் நைலான் ஜவ்வரிசியை அப்படியே போட முடியாது, அளவு சிறியது, மெல்லும் தன்மையும் வேறு. ஆனால் பச்சை மாவை வெல்லப்பாகில் பிசைந்து உருட்டினால் ஒரு மணி நேர வேலை. வேக வைத்த உருண்டை சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், ஆகவே தினமும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பொட்டலத்தில் வந்தாலும் அந்த வேலை குறைவதில்லை.

ஏற்காடு தோட்டக்காரர்:

ஆலைக்கார அண்ணன் சொன்ன கதை மலைமேலும் நடக்கிறது. எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலுக்கு இடையே மிளகுக் கொடியும் பலாவும் ஆரஞ்சும் இருப்பதுபோல, வெண்ணெய்ப்பழ மரங்களும் உண்டு. பட்டர் ஃப்ரூட் என்றுதான் நாங்கள் சொல்வோம். என் சிறுவயதில் அதைச் சர்க்கரை போட்டுப் பிசைந்து கொடுத்தால் வேண்டாம் என்று ஓடுவோம். கூடையில் போட்டுப் பேருந்து நிலையத்தில் விற்றால் சுற்றுலா வந்தவர்கள் இது என்ன என்று கேட்டுவிட்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது வார இறுதியில் மலைமேல் திறந்திருக்கும் காஃபே ஒவ்வொன்றிலும் அவகாடோ டோஸ்ட் இருக்கிறது. அங்கே ஒரு கடைக்கு என் பழத்தைக் கொண்டுபோனேன். நம் பழம் பெரியது, பச்சைத் தோல், சற்று நீர்ச்சத்து அதிகம். அவர்களுக்குத் தோல் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும் ஹாஸ் வகைதான் வேண்டுமாம். தான்சானியாவிலிருந்து கப்பலேறி வரும் பழம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வருகிறது. என் பழம் அதே வளைவுகளில் கீழே இறங்குகிறது.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பழம் ஆடி தொடங்கிச் சில மாதங்களுக்கு மட்டும். அவர்களுடைய கார்டு ஆண்டு முழுவதும் ஒரே கார்டு. லேமினேட் செய்த கார்டில் பருவத்துக்கு இடமில்லை.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் மலைச்சாமி சேர்வராயன் என்னை மன்னிக்க மாட்டார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இருநூறு ஆண்டுகள் ஆகியும், நாங்கள் பறித்த கொட்டை சமவெளிக்குப் போய், எங்கெங்கோ கலந்து, பொடியாகித் திரும்பி வந்து எங்கள் ஊர்க் கடையிலேயே கலக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை முதன்முறையாக ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. பிரேசிலின் வறட்சி முக்கியக் காரணம். அப்போது ஓட்டல்காரர்கள் பலர் டம்ளரின் விலையை ஏற்றத் தயங்கி, சிக்கரியைக் கூட்டினார்கள். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு இருபது சிக்கரியோடு குடித்துப் பழகிய நாக்குக்கு ஐம்பதை எட்டும் சிக்கரி உடனே தெரியும். இன்னொரு பக்கம் 'ஒரே தோட்டத்துக் காப்பி', பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த நீரில் ஊறவைத்த கோல்ட் ப்ரூ என்று 180 ரூபாய்க்கு விற்கிறார்கள். அஸ்தம்பட்டி ஐயா, நீங்கள் இரண்டுக்கும் போக வேண்டாம். ஒரு நல்ல டிகாக்ஷன், கார்டில் எந்த மலைக் காப்பி, எவ்வளவு சிக்கரி என்று ஒரு வரி. நாற்பது நாற்காலி உள்ள கடைக்கு அந்த ஒரு வரி போதும். கொட்டை தேவைப்பட்டால் தையில் நான் இருக்கிறேன், இது விளம்பரம்தான், மறைக்கவில்லை.

ஓமலூர் ரோடு கணக்கர்:

தோட்டக்காரர் சொன்ன அந்த ஒரு வரியோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். பத்து கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு உணவுக்கும் எத்தனை கலோரி என்று மெனுவில் காட்ட வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. ஒற்றைக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பெரிய கடைகள் சிலவற்றின் பட்டியல் ஏன் முப்பது நாற்பது வகைக்குள் நிற்கிறது என்று பாருங்கள்: ஒவ்வொரு தட்டையும் அளந்து, எடை போட்டு, எழுதி வைத்தாக வேண்டும். உங்கள் 143 வகைகளையும் ஒரே ஒருமுறை அளவு எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவை தாமாகவே விழுந்துவிடும்.

அஸ்தம்பட்டி ஓட்டல்காரர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குகைச் சகோதரி சொன்னபடி சரக்கு அறையில் நின்று எண்ணினேன். 143 வகைக்கு 211 பொருள்கள். அதில் 64 பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரே ஓர் உணவுக்காக மட்டும் வாங்கி வைத்தவை. மாணவி கேட்டதையும் பார்த்தேன். அவர் சொன்னது பாதி சரி: பன்னீர், காளான் வகைகளோடு சேர்ந்துதான் தோசையும் பரோட்டாவும் விற்றிருக்கின்றன, ஆகவே மூன்று கிரேவியும் அவற்றின் நாற்பது பெயர்களும் அப்படியே இருக்கும். பேபி கார்ன், மோமோஸ், மந்தி ஆகியவற்றோடு வேறொன்றும் விற்கவில்லை. அவற்றைத் தனியாக வாங்கியவர்கள் அனைவரும் செயலி வழியாக வந்தவர்கள்.

ஷவர்மாக் கம்பியைக் கழற்றியாகிவிட்டது. எங்கள் மாஸ்டர் அன்று மாலை தேநீர் கேட்காமலே எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அதை நான் நன்றி என்றே எடுத்துக்கொண்டேன். தந்தூரி அடுப்பு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் எரியும். லேமினேட் கார்டு நான்கு பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. அதோடு ஒரு சிறிய கரும்பலகையைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். புதன்கிழமை கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் எழுதினோம். முதல் வாரம் ஒன்பது தட்டு போனது, அதில் இரண்டு என் வீட்டாருக்கு. சென்ற வாரம் இருபத்து மூன்று. ஜவ்வரிசிக் கிச்சடியை மாஸ்டர் இரண்டு முறை செய்து பார்த்தார். இரண்டு முறையும் பசைபோல வந்தது. ஆலைக்கார அண்ணன் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், நைலானா மாவு ஜவ்வரிசியா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கார்டில் 86 வகைகள் இருக்கின்றன. செயலியில் இன்னும் 143 வகைகள்தான் இருக்கின்றன, ஏனென்றால் அதன் கடவுச்சொல் மகனிடம் இருக்கிறது. அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான்.

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்காரர்:

கிச்சடிக்கு மாவு ஜவ்வரிசிதான், ஐயா. கழுவி, மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி நான்கு மணி நேரம் மூடி வைக்கச் சொல்லுங்கள். விரலால் நசுக்கினால் நடுவில் கல் இல்லாமல் நசுங்க வேண்டும். வறுத்து இடித்த நிலக்கடலைப் பொடியை ஊறிய ஜவ்வரிசியிலேயே பிசறிவிட்டுத்தான் வாணலியில் போட வேண்டும், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாஸ்டர் மூடி போட்டு வேகவைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மூடி வேண்டாம்.